மோந்து பார்த்து வாங்கு

காந்தாவிடம் பதினோரு வருஷமாக மீன் வாங்குகிறேன். இத்தனை வருஷத்தில் அவள் என்னை ஒரு நாளும் மதித்துப் பேசியதில்லை. என்னை மட்டும் இல்லை, சேலையூர் கேம்ப் ரோட்டில் அவள் கூடைக்கு முன்னால் வந்து நின்ற யாரையுமே அவள் மதித்தது கிடையாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். காந்தா அதட்டினால் நானே வாயை மூடிக்கொண்டு பையை நீட்டுவேன்.

மதிக்கிற மாதிரி நாங்களும் நடந்துகொண்டதில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் வாங்க வருபவர்கள், பேனா மூடியால் மீன் வயிற்றைக் குத்திப் பார்ப்பவர்கள், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு எதைப் பார்த்தோம் என்று தெரியாமலே தலையாட்டுபவர்கள். அவளிடம் வந்து சேர்ந்ததெல்லாம் இப்படித்தான். யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு வந்த ஒரு பையன், "மீன் கண்ணு கிளியரா இல்லையேக்கா" என்றான். "அதுக்கு கண்ணு நல்லாத்தான் கீது. நீ உன் கண்ணாடிய தொடச்சிக்கோ" என்றாள்.

எல்லாரையும்விட அவளுக்கு இளப்பமாக இருந்தவர் ஷ்யாம்சுந்தர். பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தெருவில், எந்த ஜன்னலிலிருந்தும் ஏரி தெரியாத 'லேக் பிரீஸ்' அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செயலாளர். 'மீன், கருவாடு விற்பவர்கள் உள்ளே வரக் கூடாது' என்று கேட்டில் போர்டு மாட்டியவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை என்று மூன்று பையோடு வந்து வஞ்சிரம் வாங்கிப் போகிறவரும் அவர்தான்.

"லிஃப்ட்ல ஸ்மெல் வரக் கூடாதும்மா, நல்லா இறுக்கிக் கட்டு" என்பார்.

"கட்டறேன் சார். வயித்துக்குள்ள போயி நாறட்டும்" என்பாள் காந்தா, நிமிர்ந்து பார்க்காமல்.

அவள் ஊர் கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். கணவன் பழவேற்காட்டுப் பக்கம் வேறொருத்தியோடு போய்விட்டான். அவனைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "அவன் போனதுல வூட்ல சோறு மிச்சமாச்சு." மகள் மஹாலட்சுமி மேற்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறாள். காந்தா தினமும் விடியற்காலை கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, ஊர்ப் பெண்கள் நாலு பேரோடு ஒரு டாடா ஏஸ் வண்டியின் பின்பக்கம் ஏறி, கேளம்பாக்கம், மாம்பாக்கம் வழியாக எட்டு மணிக்குள் சேலையூர் வந்துவிடுவாள். அவளுக்குப் பக்கத்தில் கூடை வைப்பவள் பாலாம்பாள், அதே குப்பத்துக்காரி.

ஏலம் விடுகிற கமிஷன்காரன் இளமாறன் மற்றப் பெண்களிடம் எப்படி நடந்துகொள்வானோ தெரியாது, காந்தா வந்தால் முந்தின நாள் பெட்டிகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுவானாம். அவள் குனிய வேண்டியதுகூட இல்லை. பெட்டியைத் தாண்டி நடக்கும்போதே, "இது நேத்து. அது முந்தாநாளு. தோ அந்த மூணாவது பெட்டில மேல நாலு நல்ல மீனு, அடில பொணம்" என்று சொல்லிக்கொண்டே போவாள். இதைப் பாலாம்பாளே என்னிடம் சொல்லியிருக்கிறாள், எரிச்சலோடு.

விபத்து நடந்தது மூன்று வருஷத்துக்கு முன், மாசி மாதத்தில். மாம்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடை. அதற்குப் பெயின்ட் அடிக்க யாருக்கும் தோன்றியதில்லை. டிரைவர் போனைப் பார்த்துக்கொண்டே ஏற்றினான். வண்டியின் பின்பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த காந்தா மல்லாக்க ரோட்டில் விழுந்தாள். பின்மண்டை தாரில் மோதியது. மேலே அவளுடைய நெத்திலிக் கூடையும் கவிழ்ந்தது. கூட்டம் கூடி, முதலில் நெத்திலியைத்தான் பொறுக்கியது என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். நினைவு தப்பியவளுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அப்படித்தான் நடந்திருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தாள். தலைக்குள் ரத்தக் கசிவு. அறுவை சிகிச்சை வேண்டியிருக்கவில்லை. எட்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து, மகள் கேன்டீனிலிருந்து வாங்கி வந்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"வெந்நீல சக்கரையப் போட்டு காப்பின்னு குடுத்துகீறான். போயி அவன் மூஞ்சில ஊத்து."

மஹாலட்சுமி குடித்துப் பார்த்தாள். நல்ல காப்பியாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு இன்னும் தெளியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் காந்தா மகளைத்தான் முதலில் திட்டினாள். வீட்டை எதைப் போட்டுக் கழுவினே, ஒரு வாடையும் இல்லையே என்று. வீட்டை யாரும் கழுவவில்லை. வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. காந்தா வெளியே போய், காய்கிற கருவாட்டுக்கு நடுவில் நின்றாள். ஒன்றைக் கையில் எடுத்து மூக்கில் வைத்துத் தேய்த்தாள். உப்பு எரிந்ததே தவிர ஒன்றும் வரவில்லை. "அட்டப்பொட்டிய மோந்து பாக்கற மாதிரி கீது" என்றாளாம்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இளவயது டாக்டர் ஒருவர் கண்ணை மூடச் சொல்லி, காப்பித்தூள், சூடம், கிராம்பு என்று ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டினார். எதுவும் தெரியவில்லை. கடைசியில் அமோனியாவைக் காட்டியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அது எரிச்சல், வாசனை இல்லை, அதற்கு வேறு நரம்பு என்றார் டாக்டர். பிறகு படம் போட்டு விளக்கினார். மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஓர் எலும்பு இருக்கிறது. வாசனை நரம்புகள் மயிரிழை மாதிரி அந்த ஓட்டைகள் வழியாகப் போகின்றன. பின்மண்டை அடிபட்டபோது மூளை ஒரு குலுக்குக் குலுங்கியது, இழைகள் அறுந்துபோயின. திரும்ப வரலாம், வராமலும் போகலாம், ஒரு வருஷம் பார்க்கலாம் என்றார். அதுவரைக்கும் ஒழுங்காகப் பேசியவர், சீட்டை நீட்டும்போது சிரித்தார்.

"மீன்தானே விக்கிறீங்க? ஒரு விதத்துல நல்லதுன்னு நெனச்சுக்கோங்க."

"உனுக்குக் கூட நாளெல்லாம் இங்க பினாயில் நாத்தம் டாக்டரே. உன் மூக்கயும் அறுத்துடலாமா?" என்றாள் காந்தா. மஹாலட்சுமி அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

அந்த நகைச்சுவையை மொத்தம் ஒன்பது பேர் சொன்னதாகக் காந்தா கணக்கு வைத்திருக்கிறாள். ஏழாவது ஆள் நான். பங்குனியில் நான் குப்பத்துக்குப் போய் அவளைப் பார்த்தபோது, வாங்குகிறவர்களில் என்னிடம் மட்டும், குரலைத் தாழ்த்தி, மூக்கு போய்விட்டதைச் சொன்னாள்;, "பரவால்ல காந்தா, உன் தொழிலுக்கு சௌகரியம்தான்" என்று நானும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். படித்தவள் என்று ஒரு துளி மரியாதை அவளுக்குள் எங்காவது ஒட்டியிருந்திருந்தால் அன்றோடு அதுவும் உதிர்ந்தது.

என்னைவிட மோசம் கொரோனா நிபுணர்கள். குப்பத்தில் விஷயம் தெரிந்த இரண்டு மூன்று உறவினர்கள், "எனக்குந்தான் கொரோனால போச்சு, ரெண்டே வாரத்துல வந்துடுச்சு, மிளகு ரசம் குடி" என்றார்கள். மண்டை ரோட்டில் மோதியதற்கு மிளகு ரசம். ஓர் அத்தை முறைக்காரி கற்பூரவல்லிச் சாற்றை மூக்கிலேயே விட்டாள். இரண்டு நாள் மூக்கு எரிந்ததுதான் மிச்சம்.

சோறு பிடிக்காமல் போனது. நாக்கில் உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு எல்லாம் இருந்தது. ஆனால் வாசனை இல்லாமல் சாப்பாடு சாப்பாடாக இல்லை. மஹாலட்சுமி சங்கரா மீன் குழம்பு வைத்துக் கொடுத்து, "எப்டிமா கீது?" என்று கேட்டால், "சூடா கீது" என்பாள். ஆறு கிலோ இளைத்தாள். ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்து, வீடு முழுக்க கேஸ் பரவியிருந்தது. காந்தா அடுப்புக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து வந்த மகள் பதறிக் கதவைத் திறந்துவிட்டு அலறினாள்.

"ஏம்மா, செத்துப்போனாக்கூட உனுக்குத் தெரியாதாம்மா?"

"செத்துப்போனா எவளுக்குடி தெரியும்?" என்று கேட்டுவிட்டு வெங்காயத்தைத் தொடர்ந்தாள்.

மகளைப் பற்றிக் காந்தா என்னிடம் ஒரு தடவை சொன்னாள். "அது வூட்டுக்கு வந்தா முன்னாடி ஸ்பிரிட்டு வாடை வரும். அப்பால அது வரும். இப்ப இன்னான்னா, திடீர்னு முதுவுக்குப் பின்னால நிக்குது. பேய் மாதிரி." அவள் இதைச் சொன்னபோது யாரையும் ஏளனம் செய்யவில்லை. அந்தப் பதினோரு வருஷத்தில் நான் பார்த்த அப்படிப்பட்ட ஒரே நிமிஷம் அது. உடனே ஒரு மீனை எடுத்து ஓங்கி வெட்டினாள்.

அவளை உள்ளுக்குள் அரித்தது இன்னொன்று. முன்பெல்லாம் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மூக்கைச் சுளித்து நகர்ந்தால், காந்தா வேண்டுமென்றே இன்னும் ஒட்டி உட்காருவாள். தன்மேல் எவ்வளவு மீன் வாடை அடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அது அவள் சம்பாத்தியத்தின் வாடை, அதற்காக யாரிடமும் கூச வேண்டியதில்லை. இப்போது எவ்வளவு என்று தெரியவில்லை. அளவு தெரியாததும் கூச்சம் வந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தாள். எலுமிச்சம்பழத்தைக் கையில் தேய்த்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். "கடேசில நானும் அந்த லிஃப்ட்காரன் மாதிரி ஆயிட்டேன், தூ" என்றாள், ஷ்யாம்சுந்தரைச் சொல்லி.

சித்திரையில் மறுபடி வியாபாரத்துக்கு வந்தாள். தடைக்காலம் தொடங்கியிருந்தது. பெரிய விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகாது. சிறிய ஃபைபர் படகுகள்தான் போய் வரும், மீன் குறைவு. அந்த நாட்களில் வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற சரக்கு நிறைய விலைபோகும். மூக்கு போனதைக் காந்தா கரையில் யாருக்கும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்த உறவினர்களையும் வாயை மூடச் சொல்லியிருந்தாள். ஏலத்தில் எப்போதும்போல நடந்தாள். செவுளைத் தூக்கினாள், மோந்தாள், முகம் சுளித்தாள், "நேத்து" என்றாள். எல்லாம் நடிப்பு. கண்ணும் விரலும்தான் வேலை செய்தன. செவுளின் சிவப்பு, கண்ணின் மினுக்கு, அழுத்தினால் திரும்பி எழும்புகிற சதை. ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

வைகாசியில் ஒரு ஞாயிறு. அன்று மீன் அதிகம் இல்லை. இளமாறன் உரித்த இறால் ஒரு பெட்டி கொடுத்தான். உரித்த இறாலுக்குத் தலை கிடையாது, ஓடு கிடையாது. பார்த்துக் கண்டுபிடிக்கக் கண்ணுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஐஸ் மினுமினுத்தது. காந்தா மோந்து பார்ப்பதுபோலப் பார்த்து, தலையாட்டி எடுத்துக்கொண்டாள்.

ஷ்யாம்சுந்தர் ஒரு கிலோ வாங்கிப் போனார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். அப்போது அங்கே நான் இருந்தேன், இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மூன்று பைகளையும் கழற்றிவிட்டு, ஐஸ் உருகிப்போன உள் கவரை மட்டும் தூக்கிப் பிடித்திருந்தார்.

"என்னம்மா இது? மனுஷன் சாப்பிடறதா? நீயே ஸ்மெல் பண்ணிப் பாரு!" என்று கவரைப் பிரித்து அவள் மூக்குக்கு நேராக நீட்டினார்.

காந்தா மோந்தாள். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது தடவை, இழுத்து மோந்தாள்.

"நல்லாத்தான் கீது சார்" என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் காற்று இந்தப் பக்கம் திரும்பியது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற பெண் இரண்டு அடி பின்னால் போனாள். ஒருவர் தெருவோரம் காறித் துப்பினார். பாலாம்பாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். காந்தா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எங்கள் முகங்களைப் படித்துத்தான் தன் கையில் இருப்பது அழுகல் என்று அவள் தெரிந்துகொண்டாள்.

ஷ்யாம்சுந்தர் போனை எடுத்து வீடியோ எடுக்கத் தொடங்கினார். "பாருங்க, இதைத்தான் நமக்கு விக்கிறாங்க" என்று வர்ணனை வேறு.

காந்தா எழுந்தாள். இறால் தட்டை அப்படியே தூக்கிக் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். இறால் வாங்கியிருந்த எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு போனுக்கு நேராக வந்து நின்றாள்.

"நல்லா எடு சார். எனக்கு மூக்கு செத்துப்போச்சு. மண்டைல அடிபட்டுச்சு, வாசன தெரியல. ஒரு மாசமா மறச்சிகினு வித்தேன். தப்புதான். போதுமா? மூஞ்சி நல்லா வுழுந்துச்சா?"

"மூக்கில்லாம எதுக்கும்மா மீன் விக்க வர? கண்ணு தெரியாதவன் பஸ் ஓட்டற மாதிரி இருக்கு" என்றார் அவர். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவளுக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. எங்கள் பகுதியில் இதற்குப் பெயர் நாகரிகம்.

மதியம் குப்பத்துக்குத் திரும்புகிற வண்டியில் பாலாம்பாள் தானாகவே வாயைத் திறந்தாள். அவளுக்கு அடக்க முடியவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் காந்தா. அன்னிக்கு வண்டி சீட்டுக்கடில எலி செத்து நாறிக்கினு கெடந்துச்சே, நாங்கல்லாம் மூக்கப் பொத்திக்கினு கீறோம், நீ மட்டும் குந்திகினு இட்லி துன்னே. அப்பவே எனக்குப் புரிஞ்சிபோச்சு."

"யாராண்ட சொன்ன?"

பாலாம்பாள் கொஞ்சம் யோசித்தாள். "சும்மா தமாசுக்கு. இளமாறனாண்ட."

மறுநாள் விடியற்காலை ஏலத்தில் எல்லாரும் கூடியிருந்தபோது காந்தா இளமாறன் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, அது ஐஸ்லயே வந்த சரக்கு. உள்ள எப்டி கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றான் அவன், அவள் கேட்பதற்கு முன்பே.

"உனுக்கு மூக்கு கீதுல்ல?"

"கீதுக்கா."

"அத வச்சினு மோந்து பாத்துட்டு, கெட்டுப்போச்சின்னு தெரிஞ்சிகினு, மூக்கு இல்லாதவ யாருன்னு தேடி என் தலைல கட்டின. இல்ல? நல்லாருடா. எனக்கு அறுந்தது மூக்கு நரம்பு. உனுக்கு வேற எதோ அறுந்துபோயி கீது. எந்த டாக்டராண்டயும் போவாத, ஒட்டாது."

பாலாம்பாளை அவள் திட்டவே இல்லை. அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாலாம்பாளுக்கு அதுதான் அதிகம் வலித்தது என்பது, அடுத்த வாரம் அவள் தன் கூடையை எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாற்றிக்கொண்டதில் தெரிந்தது.

காந்தா அன்றோடு ஏலத்தை விட்டாள். ஃபைபர் படகுகள் கரையேறுகிற இடத்துக்கே போய், வலையிலிருந்து எடுக்கும்போது துடிக்கிற மீனை மட்டும் வாங்கினாள். ஐஸைத் தொட்டதை வாங்குவதில்லை. கூடை பாதியாகிவிட்டது. நண்டு இருந்தால் உயிரோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். வேறு இடம் பார்த்துக்கொள், இரும்புலியூர்ப் பக்கம் போய் உட்கார் என்று மகள் கெஞ்சினாள். "ஓடிப்போறதுக்கு நான் இன்னா கொலையா பண்ணிட்டேன்?" என்று அதே கேம்ப் ரோட்டில், அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வீடியோ சுற்றியிருந்ததால் முதல் வாரம் யாரும் வரவில்லை. இரண்டாவது வாரம் வந்தவர்களுக்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வாங்குகிறவர் மோந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். மோந்து பார்க்காதவருக்கு மீன் கிடையாது.

என்னிடமும் ஒரு சங்கராவைச் செவுளைத் திறந்து நீட்டினாள். "மோந்து பாரு டீச்சரம்மா. எனக்குத்தான் இல்ல. உனுக்குத்தான் ஆண்டவன் இத்தாம் பெருசு குடுத்துகீறானே."

நான் ரோட்டோரத்தில் குனிந்து மோந்தேன். போகிற வருகிற டூவீலர்காரர்கள் பார்த்தார்கள்.

"இன்னா தெரியுது?"

"மீன் வாசனை."

"மீனு பின்ன மல்லியப்பூ வாசனையா அடிக்கும்? நல்லதா, கெட்டுதா?"

எனக்குத் தெரியவில்லை. ஐம்பத்தொன்பது வருஷமாக மூக்கை வைத்துக்கொண்டிருக்கிறேன், நாற்பது வருஷமாக மீன் சமைக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அழுகி ஊரைக் கூட்டினால் தெரியும். அதற்கு முன்னால் ஒன்றும் தெரியாது.

"வெள்ளரிப்பிஞ்ச அறுத்தா வருமே, அந்த மாதிரி வந்தா புது மீனு" என்றாள். மறுபடி மோந்தேன். இருந்தது. மெல்லிசாக, பச்சையாக, வெள்ளரிப்பிஞ்சேதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

என் கதைதான் எல்லாருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த கூட்டம் முழுக்க முந்தானையை எடுத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துவிட்டு, ரோட்டில் குனிந்து மீன் செவுளை மோந்தது. மோந்து ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஐ.டி. கம்பெனிக்காரர்கள், ஆடிட்டர், யோகா மாஸ்டர், எல்லாரும் மோந்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். "என்ன எதுக்கு பாக்கற? என்னாண்ட இன்னா கீது? நீ சொல்லு" என்பாள் காந்தா. அந்த ஒரு மாதம் அவள் மறுபடி சதை போட்ட மாதிரி இருந்தாள்.

ஷ்யாம்சுந்தர் ஆறு வாரம் தாக்குப்பிடித்தார். நாக்கு ருசியை அடக்க முடியாதவருக்கு அது பெரிய காலம். ஒரு ஞாயிறு வந்தார், பழைய மூன்று பைகளோடு.

"எதுக்கும் உன்கிட்டயே வாங்கிடலாம்னு" என்றார், ஏதோ உதவித்தொகை அனுமதிப்பவர் மாதிரி.

காந்தா இரண்டு சங்கராவை எடுத்துப் பலகையில் வைத்தாள். ஒன்று அன்று காலை வலையில் வந்தது. இன்னொன்று தெருப் பூனைகளுக்கென்று தனியே வைத்திருந்த முந்தின நாள் மீன். ஐஸ் தண்ணீரில் கழுவி இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கியிருந்தாள்.

"எது நல்ல மீனு, மோந்து பாத்து நீயே எடு சார். எனக்குத்தான் தெரியாதே."

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குனிந்தார். இதை மோந்தார், அதை மோந்தார். முப்பத்தைந்து வருஷம் கடன் விண்ணப்பங்களில் முடிவெடுத்த முகத்தோடு பூனை மீனைத் தொட்டார். "இதுதான் ஃப்ரெஷ்."

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேருக்கு எது என்று தெரியாததால் யாரும் சிரிக்கவில்லை. காந்தா மட்டும் அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"அன்னிக்கு அந்த எறா கெட்டுப்போச்சின்னு யாரு கண்டுபுடிச்சா?"

அவர் பைகளைச் சரிசெய்துகொண்டார். "என் மிஸஸ்."

"கவரத் தூக்கிகினு வந்தியே, உனுக்கு அப்ப நாத்தம் தெரிஞ்சிச்சா?"

"மிஸஸ் சொன்னாங்க, அதான்..."

"அப்ப அவங்கள அனுப்பு. நீ வூட்ல குந்திகினு லிஃப்ட்டப் பாத்துக்கோ."

நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை, அடுத்த ஞாயிறு அந்த அம்மாள் வந்தார். புஷ்பலதா என்று பெயர். அதுவரை அவர் அந்த கேட்டைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. அதிகம் பேசாதவர். மூக்கை மூடவில்லை, பையை மூன்றாக மடிக்கவில்லை. குனியாமல், கூடைக்கு ஒரு முழம் தள்ளி நின்றபடியே, "கிழங்கான் வேணாம், வெயில் பட்டிருக்கு" என்றார். காந்தா அந்தக் கிழங்கானை அழுத்திப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், பிறகு எடுத்துத் தனியே வைத்தாள். "அது மூக்கு" என்றாள் என்னிடம். வேறு பாராட்டு எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாள் வருகிற ஞாயிறுகளில் அவர் மோந்து முடிக்கிற வரைக்கும் மற்றவர்களுக்கு எடை போடுவதில்லை. ஷ்யாம்சுந்தர் போர்டை இன்னும் கழற்றவில்லை. மனைவி மீனோடு அதன் கீழேயே உள்ளே போகிறார்.

வருஷம் ஒன்று முடிகிறபோது, தை மாதம், ஒரு நாள் காலை காந்தாவுக்கு ஏதோ நாறியது. படுக்கையிலிருந்து துள்ளி எழுந்து மகளை எழுப்பினாள். "எதோ எரியுது, டயரு எரியற மாதிரி." மஹாலட்சுமி அடுப்பைப் பார்த்தாள், சுவிட்சுகளைப் பார்த்தாள், வெளியே போய்ப் பார்த்தாள். எங்கும் எதுவும் எரியவில்லை. பக்கத்து வீட்டில் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மோந்தாள். டயர். சோப்பை மோந்தாள். டயர். மகள் தலையில் இருந்த பூவை மோந்தாள். அதுவும் டயர். மீனை மோந்தாள், அதில் மட்டும் ஒன்றுமே இல்லை.

அதே டாக்டரிடம் போனார்கள். அறுந்த இழைகள் மறுபடி வளரும்போது தாறுமாறாகப் போய் ஒட்டும், அதனால் வாசனை தப்பாகத் தெரியும், இது நல்ல அறிகுறி என்றார் அவர். இந்த முறை சிரிக்காமல் சொன்னார்.

"டயரு நாத்தம் நல்ல அறிகுறியாம்" என்று என்னிடம் சொன்னாள் காந்தா. "ஒரு வருசம் எங்கியோ போயி ஊர் சுத்திட்டு வந்துகீது. வர்றது ஒழுங்கா வரலாம்ல? எரிஞ்சிகினு வருது."

அந்த டயர் நாற்றம் வந்து இப்போது இரண்டு வருஷம் ஆகப்போகிறது. காப்பி இன்னும் டயர்தான். பூ கொஞ்சம் மாறி, ஈரச் சுவர் மாதிரி வருகிறதாம். மீன் வரவில்லை. இனி வராது என்று அவளே முடிவு செய்துவிட்டாள். மகளுடைய ஸ்பிரிட் வாடை வருகிறதா என்று கேட்டேன். செதில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"காப்பிய வுட்டுட வேண்டியதுதானே?" என்றேன்.

"இன்னாத்துக்கு வுடணும்? தெனமும் ரெண்டு டம்ளர் டயரு குடிச்சிகினுதான் கீறேன். கொஞ்சம் சக்கர தூக்கலா போட்டா எறங்குது" என்றாள். என் மீனைக் கவரில் போட்டு நீட்டினாள். பின்னால் கைக்குட்டையும் மூக்குமாக ஒரு புது ஆள் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டாள். "நீ தள்ளு டீச்சரம்மா. யோவ் சார், மொதல்ல கைய மூக்குலேர்ந்து எடு."